கேட்டவர்கள் காத்த இசை

கருநாடக இசை ரசிகர் இருவர் வழியில் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்து முடித்ததும் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" இதற்கான விடை ஒரு சொல்லில் முடிவதில்லை. பாடியவர் யார், கச்சேரி எந்த ஊரில் நடந்தது, ஆண்டு எது, பிடில் யார், மிருதங்கம் யார், பதிவு தெளிவாக இருக்கிறதா, இரைச்சல் மிகுதியா என்று பேச்சு நீளும். கேட்டவர் இறுதியில், "எனக்கும் ஒரு பிரதி வேண்டும்" என்பார். மற்றவர் தலையசைப்பார். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

பார்வைக்குச் சாதாரணமான இந்த உரையாடலைப் பற்றி வரலாற்றுக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். சென்ற நூற்றாண்டின் இசையில் நாம் இன்று காதால் கேட்கக் கூடியவற்றுள் கணிசமான பகுதி, இத்தகைய உரையாடல்களின் வழியேதான் நம்மை வந்தடைந்தது என்பதே நம் விடை. இசைத்தட்டு நிறுவனங்கள் காத்தவை ஒரு பங்கு. வானொலி காத்தவை ஒரு பங்கு. பெயர் தெரியாத ரசிகர்கள் பதிந்து, படியெடுத்து, கைமாற்றிக் காத்தவை மற்றொரு பங்கு. மூன்றாம் பங்கின் வரலாறு இன்னும் முறையாக எழுதப்படவில்லை. தமிழ் கற்றோர்க்கு அது புதிய கதையும் அன்று. ஏட்டுச் சுவடிகள் வீடுவீடாகச் சிதறிக் கிடந்து, படியெடுக்கப்பட்டுப் பிழைத்து வந்த கதையின் மறுபதிப்பே அது.

பெயர் உண்டு, ஒலி இல்லை

பரிபாடலைப் படித்தோர் அறிவர். இன்று கிடைக்கும் அந்நூற் பாடல்களின் ஈற்றில் பாடிய புலவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் தரப்பட்டுள்ளன. பெட்டனாகனார், கண்ணனாகனார், நன்னாகனார் என்பன இசை வகுத்தோர் பெயர்கள். பாலையாழ், நோதிறம், காந்தாரம் என்பன பண்கள். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு மரபில் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்தவர் பெயரைப் போற்றி வைத்த மொழிகள் எத்தனை இருக்கும்? ஆயினும் அந்த மெட்டு எப்படி ஒலித்தது என்று நாம் அறியோம். புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படுவது. சுரக் கோவைகளைக் கிரந்த எழுத்தில் பாறையிலேயே வெட்டி வைத்தார்கள். கல் இருக்கிறது, சுரம் இருக்கிறது, குரல் இல்லை.

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. மகா வைத்தியநாதையர் 1893இல் மறைந்தார். அவருடைய பாட்டின் பெருமையை உ. வே. சாமிநாதையர் எழுதி வைத்திருக்கிறார். கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் ஆகியோருடைய வரலாறுகளையும் அவரே எழுதினார். அவற்றைப் படிக்கும்போது பாட்டைக் கேட்டவர்களின் வியப்பு நமக்குக் கிடைக்கிறது; பாட்டு கிடைப்பதில்லை. எடிசன் ஒலிவரைவியைக் கண்டுபிடித்த ஆண்டு 1877. வைத்தியநாதையரின் இறுதிப் பதினாறு ஆண்டுகளில் உலகில் ஒலிப்பதிவு என்றொரு கலை இருந்தது. அது தமிழ்நாட்டு வித்துவான் வீட்டுத் திண்ணையை எட்டவில்லை.

மூன்று நிமிடத்துச் சங்கீதம்

எட்டியது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். லண்டன் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து பதிவுகள் செய்தார். கௌஹர் ஜானின் குரல் பதிவானது அப்போதுதான். பதிந்த மூலத்தகடுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, இசைத்தட்டுகளாக அச்சாகித் திரும்பி வந்தன. அங்குள்ள தொழிலாளர்க்குப் பாடியவர் யாரெனத் தெரிய வேண்டும் என்பதற்காகவே, பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தபின் இசைத்தட்டு வணிகம் விரிந்தது.

தென்னகத்தில் முதலில் பதிந்தோர் பட்டியலைப் பார்த்தால் பெண்களே முன்னிற்கின்றனர்: சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆடவர் வித்துவான்கள் பலர் குழாயின் முன் பாடத் தயங்கிய காலத்தில், தேவதாசி மரபில் வந்த இக்கலைஞர்கள் துணிந்து பாடினர். அதன் பயன் கடல் கடந்தும் விளைந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மாரிஸ் டெலாஜ் கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டில் மயங்கினார். 1912ஐ ஒட்டிய தம் இந்தியப் பயணத்தில் தாயியை நேரிலும் கேட்டார். பின்னர் அவர் இயற்றிய 'ராகமாலிகா' என்னும் படைப்பில், தாயி பாடிய இராமலிங்க அடிகள் பாடல்களின் தடம் அப்படியே இருக்கிறது. ஓர் இசைத்தட்டைக் கேட்ட ரசிகன், தான் கேட்டதைப் பிறரோடு பகிர்ந்துகொண்ட வரலாற்றில் இது ஓர் அழகிய பக்கம். வடலூரார் பாடல் கோவைக் குரலில் பாரிசை அடைந்தது நிறுவனம் வகுத்த திட்டத்தால் அன்று. ஒருவர் காது கொடுத்ததால்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாடலாம். ராக ஆலாபனை, நிரவல், தனி ஆவர்த்தனம் எல்லாம் கொண்ட ஒரு மரபு, மூன்று நிமிடச் சிமிழுக்குள் தன்னை அடக்கிக்கொள்ள நேர்ந்தது. வீணை தனம்மாளை (1867–1938) எண்ணிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவர் வீட்டில் கூடிய சிறு கூட்டத்துக்காக வாசித்தவர் அவர். பேச்சு மூச்சின்றி அமர்ந்து கேட்டவர்களுள் பெரும் வித்துவான்களும் இருந்தனர். முதுமையில், 1930களின் தொடக்கத்தில் அவர் வாசித்துப் பாடிய சில இசைத்தட்டுகள் மட்டுமே நமக்குக் கிடைக்கின்றன. வெள்ளிக்கிழமைகளின் கடலில் நமக்கு வாய்த்தவை சில துளிகள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசிப்பார் என்பது அக்கால ரசிகர்கள் ஒருமுகமாகச் சொல்வது. அவருடைய புகழ்பெற்ற தோடி இசைத்தட்டோ சில நிமிடங்களில் ஓய்ந்துவிடுகிறது.

எனினும் அந்தச் சிமிழை இழிவாகப் பேசுவதற்கில்லை. சபாவில் நுழைய வழியில்லாதவர்க்கும், கச்சேரி நடக்கும் ஊரை எட்டாதவர்க்கும் அது சங்கீதத்தைக் கொண்டு சேர்த்தது. வசதி படைத்த வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தால் தெருவே அதைக் கேட்டது. காப்பி ஓட்டல்களில் பிளேட் வைத்தார்கள். சாவி கொடுத்து, ஊசி மாற்றி, ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு இளைஞர்கள் கிருதிகளைப் பாடம் செய்தனர். 'கேள்வி ஞானம்' என்னும் பழஞ்சொல்லுக்குக் குரு இல்லாத இடத்திலும் ஒரு பொருள் கிடைத்தது. எஸ். ஜி. கிட்டப்பா 1933இல், இருபத்தேழாம் வயதில் மறைந்தபோது அவர் குரல் அவரோடு போகவில்லை, இசைத்தட்டுகளில் நின்றது. அரக்குத் தட்டுகள் எளிதில் உடைபவை. தேய்ந்த மூலத்தகடுகளை நிறுவனங்கள் கழித்துவிட்ட பிறகும், பல தட்டுகள் பிழைத்தது அவற்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்த ரசிகர்களால்தான்.

காற்றில் வந்து காற்றில் போனவை

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. மூன்று நிமிடத் தளை அங்கே அறுந்தது. ஒரு மணி, ஒன்றரை மணி நேரக் கச்சேரிகள் வீட்டுக்குள் வந்தன. 'வானொலி' இதழில் வந்த நிகழ்ச்சி நிரலில் வேண்டியவற்றை அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டு காத்திருந்த தலைமுறை ஒன்று இருந்தது. 1952இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கிய பின், ஊரெங்கும் ரசிகர்கள் ஒரே இரவில் ஒரே கச்சேரியைக் கேட்டு, மறுநாள் அதைப் பற்றியே பேசினர்.

ஆனால் தொடக்க கால ஒலிபரப்பு பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. வித்துவான் நிலையத்துக்கு வந்து பாடுவார். பாடி முடிந்தால் முடிந்ததுதான். காந்த ஒலிநாடா வந்த பிறகும் நாடாவின் விலை அதிகம். ஒலிபரப்பான நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதே நாடாவில் மற்றொன்றைப் பதிவது உலகின் பல வானொலி நிலையங்களில் நிலவிய வழக்கம். அன்றைய கணக்கில் அது சிக்கனம். இன்றைய கணக்கில் இழப்பு. நம் அகில இந்திய வானொலி தன் காப்பகத்தில் எஞ்சியவற்றுள் சிலவற்றை 2000களில் குறுந்தகடுகளாக வெளியிட்டபோதுதான், எவை இருக்கின்றன என்பதோடு, எவை இருந்திருக்கக் கூடும் என்பதும் ரசிகர்களுக்கு உறைத்தது.

ரசிகன் வீட்டுச் சுவடிச்சாலை

இங்கேதான் நம் கதையின் நாயகர்கள் நுழைகிறார்கள். 1950களிலும் 1960களிலும் ஸ்பூல் ஒலிப்பதிவுக் கருவிகள் தனி மனிதர் கைக்கு வந்தன. கிரண்டிக், அக்காய், சோனி, பிலிப்ஸ் என்ற பெயர்கள் அக்கால ரசிகர் பேச்சில் ராகப் பெயர்களைப் போலப் புழங்கியவை. வெளிநாடு சென்று திரும்புவோர் வாங்கி வந்தனர். தூக்கினால் தோள் வலிக்கும் அந்தப் பெட்டியைக் கல்யாணக் கச்சேரிக்கும் கோயில் உற்சவத்துக்கும் சுமந்து சென்றனர். வானொலிப் பெட்டியின் முன் ஒலிவாங்கியை வைத்து, வீட்டில் யாரும் இருமக் கூடாது என்று கட்டளையிட்டுப் பதிந்தவர்களும் உண்டு. ஏழு அங்குலச் சுருளில் 1200 அடி நாடா இருக்கும். நொடிக்கு மூன்றே முக்கால் அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பதியலாம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நேரம் இரட்டிக்கும். ஒலியின் தரம் குறையும். நாடாவின் விலையையும் சங்கீதத்தின் நீளத்தையும் மனத்தில் வைத்து ஒவ்வொருவரும் ஒரு சமரசம் செய்துகொண்டனர்.

மதுரை மணி ஐயர் (1912–1968) வாழ்ந்த காலத்தில் அவர் பெயரில் வெளியான வணிக இசைத்தட்டுகள் மிகக் குறைவு. இருந்தும் அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும், அவரை நேரில் கண்டிராத தலைமுறை அவருடைய சுரப்பிரஸ்தாரத்தைக் கேட்டு மகிழ்கிறது. அவர் பாடிய மேற்கத்திய நோட்டை முணுமுணுக்கிறது. நாம் கேட்கும் மணி ஐயர் பெரும்பாலும் கச்சேரி மேடைகளிலிருந்தும் வானொலியிலிருந்தும் எடுக்கப்பட்டு, பதிவு செய்தவரிடமிருந்து நண்பருக்கும், நண்பரிடமிருந்து அவர் நண்பருக்கும் சென்ற மணி ஐயர்தான். தனம்மாளின் பேர்த்தி டி. பிருந்தா (1912–1996) அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். க்ஷேத்ரக்ஞர் பதங்களைப் பாடுவதில் ஒப்பற்றவர் என்று வித்துவான்களே ஏற்றுக்கொண்டவர். அவருடைய வணிகப் பதிவுகளும் சிலவே. அவர் பாட்டின் நுட்பத்தை அறிய விரும்புவோர் தனியார் பதிவுகளையே நாட வேண்டியிருக்கிறது. ராம்நாட் கிருஷ்ணன் (1918–1973) அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அங்குள்ள நானசச் நிறுவனம் நெடுந்தட்டு வெளியிட்டது. அதுவும் ரசிகர்களுடைய ஒலிநாடாப் படிகளின் வழியே பலரை அடைந்தது.

கேசட் என்னும் ஒலிப்பேழை 1970களின் இறுதியிலும் 1980களிலும் பெருகியபோது இந்தப் பரிமாற்றம் பெருவெள்ளமாயிற்று. வளைகுடா நாடுகளிலிருந்து வந்த 'டூ-இன்-ஒன்' பெட்டி நடுத்தர வீடுகளில் இடம் பிடித்தது. தொண்ணூறு நிமிடப் பேழை இரண்டில் ஒரு முழுக் கச்சேரி அடங்கும். அடங்காவிட்டால் எதை விடுவது என்ற கேள்வி எழும். இன்று கைக்கு வரும் பழைய பதிவுகள் பலவற்றில் தனி ஆவர்த்தனம் பாதியில் நின்றுபோவதைக் கேட்டிருப்பீர்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையோ பாலக்காடு மணி ஐயரோ மோஹராவை நெருங்கும் வேளையில் பேழை தீர்ந்துவிடும். நாடாவைச் சேமிக்க மிருதங்கத்தைப் பலி கொடுத்த முடிவுகள் அவை. சீர் ஒன்று விடுபட்ட ஏட்டைப் போல, அந்தக் குறை படிக்குப் படி தொடர்ந்து வருகிறது.

ஏடும் நாடாவும்

இந்த ஒப்புமையை இன்னும் சற்று நீட்டிப் பார்க்கலாம். சுவடிப் பதிப்பாளர்கள் ஒரே நூலின் பல பிரதிகளைத் தேடியது ஏன்? ஒன்றில் சிதைந்தது மற்றொன்றில் முழுமையாக இருக்கும் என்பதனால். குறிஞ்சிப்பாட்டில் மலர்ப் பெயர்கள் வரும் பகுதியில் விடுபட்டிருந்த அடிகள் தருமபுர ஆதீனத்து ஏட்டில் கிடைத்தபோது உ. வே. சா. அடைந்த மகிழ்ச்சியைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். ஒலிநாடாவிலும் இதுவே நடக்கிறது. ஒருவரிடம் உள்ள பதிவில் ராக ஆலாபனை தலையின்றித் தொடங்கும்; வேறோர் ஊரில் வேறொருவர் அதே கச்சேரியைப் பதிந்திருப்பார்; அதில் தொடக்கம் இருக்கும். "இப்போது என்ன கேட்கிறீர்கள்?" என்ற கேள்வி இவ்விருவரையும் சேர்த்து வைத்தால்தான் அந்தக் கச்சேரி முழுமை பெறும்.

எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது பழமொழி. படியெடுத்தோர் நாடாவையும் கெடுத்திருக்கிறார்கள், அறியாமலே. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படி இறங்கும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் இரைச்சல் கூடும்; மேல் ஒலிகள் மங்கும். இது கேட்ட அளவில் புலப்படும் கேடு. புலப்படாத கேடு வேகத்தில் இருக்கிறது. பதிந்த கருவியும் படியெடுத்த கருவியும் ஒரே வேகத்தில் சுழலவில்லை என்றால் சுருதி மாறும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறும்; மூன்று மணிக் கச்சேரி பத்து நிமிடம் சுருங்கும். பாடகர் உண்மையில் பாடியதைவிட விரைவாகவும் மெல்லிய குரலிலும் பாடுவதாகத் தோன்றும். இசைத்தட்டுகளிலும் இச்சிக்கல் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். தொடக்க காலத் தட்டுகள் யாவும் அந்த வேகத்தில் பதியப்பட்டவை அல்ல. இன்ன வித்துவான் இன்ன சுருதியில், இன்ன காலப்பிரமாணத்தில் பாடினார் என்று ஒரு பதிவை மட்டும் வைத்து வாதிடுவோர், ஒரே ஏட்டை வைத்துக்கொண்டு மூலபாடம் இதுவே என்று சாதிப்பவரை ஒத்தவர்.

அடுத்து, பெயரின் சிக்கல். ஏட்டில் முகப்பும் ஈறும் சிதைந்தால் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மறையும். பேழையின் மேல் ஒட்டிய தாள் உதிர்ந்தால் கச்சேரிக்கும் அதே கதி. பாடகரைக் குரலால் அடையாளம் கண்டுவிடலாம். பிடில் வாசித்தவரை வில்லின் போக்கறிந்த சிலர் சொல்லிவிடுவர். கஞ்சிரா யார், கடம் யார், தம்பூரா மீட்டிய சீடர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு? பெரும்பாலான பதிவுகளில் விடை இல்லை. ஊகமாக ஒருவர் எழுதிய ஆண்டு நான்கு கை மாறியதும் உறுதியான செய்தியாகிவிடுகிறது. பாடபேதத்தைவிட ஆபத்தானது இந்த இடைச்செருகல்.

யாருடைய இசை பதிவாயிற்று?

ரசிகர்களைப் போற்றும்போதே அவர்கள் விட்டவற்றையும் எண்ணிப் பார்ப்பது நம் கடன். ஒலிப்பதிவுக் கருவி வாங்கும் வசதி அன்று யாரிடம் இருந்தது? பெரும்பாலும் நகரத்து உயர் அலுவலர், வணிகர், வெளிநாட்டில் உறவினர் உள்ளோர் ஆகியோரிடம். அவர்கள் சென்ற இடம் சபா. அவர்கள் அழைக்கப்பட்ட இடம் கல்யாணப் பந்தல். ஆகவே சபா மேடையின் வாய்ப்பாட்டு ஏராளமாகப் பதிவாயிற்று. தஞ்சைத் தரணியின் கோயில் வீதிகளில் சுவாமி புறப்பாட்டின்போது விடிய விடிய ஒலித்த நாகஸ்வரமும் தவிலும் பதிவானது மிகக் குறைவு. மல்லாரியில் தொடங்கி, வீதி மூலைகளில் நின்று நின்று விரித்த ராகங்களை, இரவு இரண்டு மணிக்குத் தெருவில் நின்று கேட்டவர்களுள் கருவி வைத்திருந்தோர் எத்தனை பேர்? வைத்திருந்தாலும் தெருவில் மின்சாரத்துக்கு எங்கே போவது? காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) பெயரைச் சொன்னால் இன்றும் பலருக்கு நினைவில் எழுவது 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்பாடல்தான். அவருடைய வாசிப்பின் பெரும்பரப்பு அவரைக் கேட்டவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. தேவாரம் பாடிய ஓதுவார்கள், ஹரிகதை சொன்னவர்கள் ஆகியோர் நிலையும் ஏறத்தாழ இதுவே.

ஆகவே, இன்று ஒருவர் தாம் கேட்பவற்றின் பட்டியலைச் சொல்லும்போது, அந்தப் பட்டியலில் ருசி மட்டும் இல்லை. யாரிடம் கருவி இருந்தது, யார் எங்கே அனுமதிக்கப்பட்டனர் என்ற சமூக வரலாறும் அடங்கியிருக்கிறது. பதிவு மிகுந்த வித்துவான் பெரியவர் என்றும், பதிவு இல்லாதவர் சிறியவர் என்றும் காது மெல்லப் பழகிவிடுகிறது. அடுத்த தலைமுறைப் பாடகர்கள் பதிவுகளைக் கேட்டே பாடம் செய்வதால் அந்தப் பழக்கம் பாணியாகவும் மாறுகிறது. பகிரப்பட்டவை மரபாயின, பகிரப்படாதவை, இருந்தன என்ற செய்தியாக மட்டும் எஞ்சின.

பூட்டும் திறவும்

இன்னொரு கேள்வியையும் தவிர்க்கலாகாது. வித்துவானின் இசைவு பெறாமல் பதிந்து கைமாற்றுவது முறையா? தம் கச்சேரியைப் பதியக் கூடாது என்று கண்டித்தவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. அவர்களுடைய உழைப்பு அது. குரல் சரியில்லாத ஒரு நாளின் பாட்டு நிலைத்துவிடுமே என்ற அச்சமும் இயல்பானதே. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. நிகழ்த்துகலைஞருக்குத் தம் நிகழ்ச்சியின்மேல் தனி உரிமை உண்டென்று அது ஏற்றது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். நல்ல ரசிகர்கள் சட்டம் வருமுன்பே தமக்கென ஒரு விதி வைத்திருந்தனர்: பதிவைக் காசுக்கு விற்கலாகாது, கடையில் கிடைப்பதைப் படியெடுக்கலாகாது, கலைஞர் வேண்டாமென்றால் கொடுக்கலாகாது. இவ்விதியை மீறியோரும் இருந்தனர். ஆயினும் விதி இருந்தது என்பதே ஒரு பண்பாட்டுச் செய்தி.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் பதுக்குவோர். அரிய பதிவு தம்மிடம் மட்டுமே இருக்கிறது என்பதில் இன்பம் காண்பவர்கள். சுவடி தேடியவர்கள் சந்தித்த அதே மனிதர்கள்தாம் இவர்களும். பூட்டிய பெட்டியில் ஏட்டைச் செல் அரித்தது. நாடாவைப் பூசணம் அரிக்கிறது. காந்தப் பூச்சு உதிர்கிறது. சுருளின் அடுக்குகள் ஒட்டிக்கொள்கின்றன. சுழற்ற வேண்டிய கருவிக்கு உதிரி பாகம் கிடைப்பதில்லை. சேர்த்து வைத்தவர் மறைந்த பின், வீட்டைக் காலி செய்யும் பிள்ளைகளுக்கு அவை பழைய பிளாஸ்டிக். ஆடிப் பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட கதையைப் பதைப்போடு பாடம் நடத்தும் நாம், நம் காலத்து ஏடுகள் பழைய பேப்பர்க் கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா?

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிப்போரிடம் நாம் வேண்டுவது சிறியது. உங்கள் வீட்டுப் பரணிலோ, உறவினர் வீட்டு அலமாரியிலோ சுருளும் பேழையும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மேலே எழுதியிருப்பதை, எழுத்துப் பிழையோடு இருந்தாலும், அப்படியே படியெடுங்கள். பாடியவர், பக்கவாத்தியம், ஊர், நாள், பதிந்தவர் என்ற ஐந்தையும் தெரிந்த மட்டில் குறியுங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். அக்கச்சேரியில் அமர்ந்திருந்த பெரியவர் எவரேனும் உயிரோடு இருந்தால், அவர் முன் அந்தப் பதிவை ஓடவிட்டு அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோயில் வீதியில் நாகஸ்வரம் பதிந்தது ஒரு பேழையேனும் இருக்குமானால் அதை முதலில் எடுங்கள்.

பரிபாடலின் ஏடெழுதியோர் பாட்டின் ஈற்றில் மூன்று பெயர்களை மறவாமல் குறித்தார்கள். ஒலியைக் காக்கும் வழி அவர்களுக்கு இல்லை, பெயரைக் காத்தார்கள். நமக்கு ஒலி வாய்த்திருக்கிறது. அடுத்த முறை யாரேனும், "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டால், கடம் வாசித்தவர் பெயரையும் சேர்த்தே விடை சொல்வோம்.